கம்பெனி ஸ்பீக்கரை மாற்றினால் போதுமா, கதவையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

மாந்தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். வேலைக்காகத் தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக ஓசூருக்கு நாள்தோறும் போய்வருகிறேன். வழியெல்லாம் பாட்டுத்தான் துணை. பழைய மெல்லிசைப் பாடல்களும் நாகசுரக் கச்சேரிகளும் அதிகம் கேட்பேன். வண்டி நின்றிருக்கும்போது ஓரளவு நன்றாகக் கேட்கும் பாட்டு, சூளகிரியைத் தாண்டி வேகம் எடுத்ததும் ஒலியளவைக் கூட்டக் கூட்டக் காதைக் குத்துகிறதே தவிர, பாடகரின் குரல் முன்னால் வருவதில்லை. தவிலின் தொப்பிப் பக்கம் ஒலிக்கும்போது இடப்பக்க முன்கதவிலிருந்து ஒரு கரகரப்பும் சேர்ந்து வருகிறது.

கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் காட்டினேன். நான்கு கதவுகளுக்கும் புது ஸ்பீக்கர், பின்னால் ஒரு பேஸ் பெட்டி, அதற்கு ஓர் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) என்று மொத்தமாகப் போட்டால்தான் பலன் தெரியும் என்றார்கள். என்னால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாது. முன்கதவு ஸ்பீக்கர்களை மட்டும் மாற்றினால் பலன் உண்டா? உண்டென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? பெங்களூரு ஜே.சி. ரோடு வரை போக வேண்டுமா, ஊரிலேயே முடித்துக்கொள்ளலாமா?

அரூர் செவியன்

தம்பி, வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். கரகரப்பு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது என்று இன்னும் உறுதியாகவில்லை. வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்தி, செட்டில் (டாஷ்போர்டிலுள்ள பாட்டுக் கருவியில்) இடம்-வலம் பங்கிடும் பாலன்ஸை முழுவதும் இடப்பக்கமும் முன்-பின் பங்கிடும் ஃபேடரை முழுவதும் முன்பக்கமும் தள்ளிவிட்டு, தவில் ஒலிக்கும் அதே பாட்டைப் போடுங்கள். கரகரக்கும்போது டோர் பேடை (கதவின் உட்புற மூடியை) உள்ளங்கையால் பல இடங்களில் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சத்தம் நின்றால் குற்றம் அந்த மூடியைப் பிடித்திருக்கும் கிளிப்பிலோ, கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுப் பலகையிலோ, கதவுப் பையில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலிலோ இருக்கிறது. ஒன்பது, பத்து ஆண்டு ஓடிய வண்டியில் கிளிப்புகள் உடைந்திருப்பது வெகு சாதாரணம். அவற்றை மாற்ற ஆகும் செலவும் மிகக் குறைவு.

அழுத்தியும் நிற்கவில்லையென்றால் டோர் பேடைக் கழற்றி, கூம்பின் விளிம்பைச் சுற்றிலும் விரல் நுனிகளால் ஒரே சீராக மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். சுரண்டுவது போன்ற உணர்வு இருந்தால் உள்ளிருக்கும் காயில் (கம்பிச்சுருள்) உரசுகிறது. அந்த ஸ்பீக்கருக்கு ஆயுள் முடிந்தது. மல்டிமீட்டர் இருந்தால் கப்ளரை (வயர் செருகும் இணைப்பை) கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மின்தடையை அளந்துகொள்ளுங்கள். நான்கு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறக்குறைய மூன்றேகாலிலிருந்து மூன்றேமுக்கால் வரை காட்டும். இரண்டுக்கும் கீழே காட்டினால் இங்கே சொல்லுங்கள், ஏனென்றால் சில வண்டிகளில் கம்பெனியே இரண்டு ஓம் ஸ்பீக்கர் வைத்திருக்கும். வாங்கும் பொருள் அதைப் பொறுத்து மாறும்.

ராயக்கோட்டை ரோடு

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் வயரிங் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பிராண்டைத்தான் கேட்கிறார்கள், கதவைப் பற்றிக் கேட்பவர்கள் மிகச் சிலர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று இழுக்கப்படுகிறது. இந்த இரண்டு அலைகளும் ஒன்றையொன்று சந்தித்தால் ரத்தாகிவிடும். மேல் சுருதிகளில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை, ஏனென்றால் அலைநீளம் சிறியது. மூவாயிரம் ஹெர்ட்ஸில் அது 11 சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் 80 ஹெர்ட்ஸில் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளமான அலைக்குக் கதவுத் தகட்டில் இருக்கும் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருவது ஒரு வேலையே இல்லை. தவிலும் மிருதங்கத்தின் இடந்தலையும் பேஸ் கிதாரும் மெலிந்து கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கதவைத் திறந்து பார்த்தால் விஷயம் புரியும். வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று. உள்தகட்டில் கண்ணாடி இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதற்கென்று பெரிய பெரிய ஓட்டைகள். அவற்றின் மேல் ஒட்டியிருப்பது ஒரு பாலிதீன் தாள். அந்தத் தாள் மழைநீருக்கு வைத்த தடுப்பு, ஒலிக்கு அல்ல. இதோடு, கம்பெனி ஸ்பீக்கர் உட்காரும் பிளாஸ்டிக் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இடுக்கும் இருந்தால், எந்த விலையில் ஸ்பீக்கர் வாங்கினாலும் அதன் பேஸ் பாதி வழியிலேயே கரைந்துவிடும். ஸ்பீக்கருக்குப் பின்னால் பெட்டி இல்லை. கதவுதான் அதன் பெட்டி. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதையாகப் புது ஸ்பீக்கரை ஓட்டைக் கதவில் பொருத்துவதைத்தான் நாள்தோறும் பார்க்கிறேன்.

ஆகவே நான் செய்யச் சொல்வது இது: ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே கெட்டியான வளையம் ஒன்று வையுங்கள். அது தகட்டோடு திருகால் இறுக்கப்பட்டு, சுற்றிலும் ஃபோம் டேப்போ பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) கயிறோ வைத்து இடுக்கில்லாமல் அடைக்கப்பட வேண்டும். எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் நம் ஊரில் அதை நான் வைப்பதில்லை. கண்ணாடியின் வழியே வழியும் மழைநீர் கதவுக்குள்தான் இறங்கி அடியிலுள்ள வடிகால் துளைகளில் வெளியேறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எம்.டி.எஃப் ஊறி உப்பி, திருகு பிடிப்பை இழந்துவிடும். கெட்டிப் பிளாஸ்டிக் வளையம் நல்லது. மரம்தான் கிடைக்கிறதென்றால் மரைன் பிளைவுட்டில் வெட்டி எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசி வையுங்கள்.

அடுத்தது வெளித்தகடு. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கும் தகட்டை முட்டியால் தட்டினால் டின் போலச் சத்தம் கேட்கும். அங்கே அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் டாம்பிங் ஷீட்டைப் பதித்தால் அது 'டொப்' என்று அடங்கும். தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை. பரப்பில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு போதும். முழுக் கதவையும் மூடி விற்பது விற்பவருக்கு இலாபம். இரண்டு மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கதவின் கீல்கள்தாம் அந்த எடையைச் சுமக்க வேண்டும். வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. தார்ச் ஷீட் மலிவு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் தர்மபுரி பேருந்து நிலையத்தருகே நிறுத்தி வைத்த கறுப்பு வண்டியின் கதவுத் தகடு தொட முடியாத சூட்டில் இருக்கும், அப்போது தார் இளகி நாறும்.

பென்னாகரம் ஆசிரியை

ராயக்கோட்டை ரோடு ஐயா சொல்வதில் அறிவியல் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். என் வண்டியில் டாம்பிங் ஷீட் எதுவும் ஒட்டாமல், வளையம் மட்டும் வைத்து, முன்கதவுகளில் கோஆக்சியல் ஸ்பீக்கர் (பெரிய கூம்பும் சிறிய ஸ்பீக்கரும் ஒன்றாக அமைந்தது) மாற்றினோம். பாடகர் சொற்களை உச்சரிப்பது அன்றே தெளிவாகக் கேட்டது. ல, ள, ழ வேறுபாடு கேட்கிற தெளிவு. முன்பு அது இல்லை. எனவே கதவு வேலை முழுவதும் செய்யாவிட்டால் ஸ்பீக்கர் மாற்றுவது வீண் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். பலருக்கு அவ்வளவு செலவழிக்கவும் ஒரு நாள் முழுக்க வண்டியைக் கடையில் விடவும் வசதி இருக்காது.

இன்னொன்று. எங்களுக்கு வேலை செய்த பையன் அந்தப் பாலிதீன் தாளைக் கிழித்துவிட்டு, பாதியை டேப்பால் ஒட்டிவிட்டுப் போய்விட்டான். அடுத்த மழையில் முன் இருக்கையின் காலடிக் கார்ப்பெட் நனைந்து, பல நாள் பூஞ்சை வாடை. அந்தத் தாளைக் கறுப்புப் பசையோடு சேர்த்து மெல்ல உரித்து, அதே பசையின் மேல் மறுபடி அழுத்தி ஒட்டச் சொல்லிக் கூடவே நின்று பாருங்கள்.

ராயக்கோட்டை ரோடு

அம்மா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். இரண்டும் இரு வேறு பலன்கள். சொல் தெளிவு பெரும்பாலும் ஆயிரம் முதல் நான்காயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகிறது. அதற்குக் கதவின் ஓட்டைகள் பெரிய தடையல்ல. கம்பெனி ஸ்பீக்கர் பல வண்டிகளில் ஒற்றைக் காகிதக் கூம்புதான். ஆறரை அங்குலக் கூம்பு இரண்டாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஒலியை நேராக மட்டும் அனுப்பத் தொடங்கும். கதவில் அது நம் முழங்காலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் மேல் சுருதிகள் காதுக்கு வந்து சேர்வதில்லை. கோஆக்சியலில் நடுவே ஒரு ட்வீட்டர் (மேல் சுருதிக்கான சிறு ஸ்பீக்கர்) இருப்பதால் அந்தக் குறை பெருமளவு தீர்கிறது. அம்மாவின் வண்டியில் கிடைத்த தெளிவு அதுதான். தவிலின் கனம் வேண்டுமென்றால் கதவைத் தொட்டே ஆக வேண்டும். மாந்தோப்புக்காரன் தம்பி இரண்டையும் கேட்கிறார். நாகசுரத்துக்கு முதல் பலன், தவிலுக்கு இரண்டாவது.

தொப்பூர் மேடு

எல்லோரும் ஆம்பை மறந்துவிட்டீர்கள். செட் கொடுக்கும் மின்சாரம் போதாதபோது எந்த ஸ்பீக்கரும் திணறும். வேகத்தில் ஒலியளவைக் கூட்டினால் காதைக் குத்துகிறது என்று நண்பர் எழுதியதே அதற்கு அடையாளம்; செட் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டுகிறது. நான்கு சேனல் (நான்கு ஸ்பீக்கருக்கும் தனித்தனி வழி) சிறிய ஆம்ப் ஒன்று வைத்துவிட்டு, கம்பெனி ஸ்பீக்கரையே வைத்துக் கேளுங்கள் என்பது என் யோசனை.

ராயக்கோட்டை ரோடு

அடையாளம் சரி, மருந்தை மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். செட்டின் பெட்டியில் 'ஐம்பது வாட்ஸ், நான்கு சேனல்' என்று அச்சிட்டிருப்பது நொடிப்பொழுது உச்சம். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது 14.4 வோல்ட். அதை வைத்து நான்கு ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் கொடுக்கக்கூடிய தொடர் மின்திறன், கணக்குப்படி 26 வாட்ஸைத் தாண்டாது. நடைமுறையில் பதினைந்திலிருந்து இருபது வரை. இந்த எல்லையை எந்தக் கம்பெனியும் செட்டுக்குள் வோல்டேஜை உயர்த்தும் தனிச் சுற்று வைக்காமல் தாண்ட முடியாது.

இங்கேதான் ஸ்பீக்கர் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் எண் வருகிறது. அது 'இத்தனை நூறு வாட்ஸ்' என்று பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருப்பது அல்ல, சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. மூன்று டெசிபல் கூடுதல் என்றால் பாதி மின்திறனில் அதே ஒலி. ஆறு டெசிபல் கூடுதல் என்றால் கால் பங்கில் அதே ஒலி. 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு அறுபது வாட்ஸ் கொடுத்துப் பெறுகிற சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் பதினைந்து வாட்ஸிலேயே கொடுத்துவிடும். செட்டை மட்டும் நம்பி ஓட்டுகிறவர் 90க்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் ஆம்புக்கான தேவை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். சிலர் ஒரு வாட்டுக்கு அளப்பார்கள், சிலர் 2.83 வோல்ட்டுக்கு அளப்பார்கள். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றே. நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட்ஸ், ஆகவே அந்த அளவில் எண் மூன்று டெசிபல் கூடுதலாகத் தெரியும். இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து ஒப்பிடும்போது இதைக் கவனிக்கத் தவறுபவர்கள் அதிகம்.

ஆம்ப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். சேர்க்கும் நாளில் பேட்டரிக்கு அருகிலேயே, ஒரு முழத்துக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். பவர் கேபிள் உண்மையான செம்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி அதே தடிமனில் மின்தடை அதிகம் கொண்டது. பல 'கிட்'களில் அதைத்தான் வைத்து விற்கிறார்கள்.

தொப்பூர் மேடு

சென்சிட்டிவிட்டி பற்றிய கணக்கை ஏற்கிறேன். செலவு வரம்பு பத்தாயிரம் என்றால் ஆம்பைத் தள்ளிப்போடலாம்தான்.

மாந்தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம்)

எல்லோருக்கும் நன்றி. அரூர் ஐயா சொன்னபடி சோதித்தேன். டோர் பேடை அழுத்தியதும் கரகரப்பு பாதி குறைந்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டு கிளிப்புகள் உடைந்திருந்தன. மாற்றிய பிறகும் மீதிச் சத்தம் இருந்ததால் கூம்பைத் தள்ளிப் பார்த்தேன், ஒரு பக்கம் உரசுகிறது. மின்தடை மூன்றரை காட்டியது. ஆகவே முன்கதவு ஸ்பீக்கர்கள் மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது என் கேள்வி, கோஆக்சியலா, ட்வீட்டர் தனியாக வரும் காம்பொனன்டா? இரண்டாவது, கம்பெனி வயரை வெட்டி இணைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார், அது சரியா?

அரூர் செவியன்

வெட்டவே வேண்டாம். உங்கள் வண்டியின் கப்ளருக்குப் பொருந்தும் அடாப்டர் வயர் சந்தையில் கிடைக்கிறது. ஒரு முனை கம்பெனி கப்ளரில், மறு முனை புது ஸ்பீக்கரில். வண்டியை விற்கும் நாளில் பழைய ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டிவிடலாம். வாரன்டி உள்ள வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

தேர்வைப் பொறுத்தவரை, காம்பொனன்டில் ட்வீட்டரைக் கண்ணாடி முக்கோணத்திலோ ஏ-பில்லரிலோ (முன்கண்ணாடியின் பக்கத்தூண்) காதுக்குப் பக்கத்தில் வைக்க முடியும். பாடகர் டாஷ்போர்டுக்கு மேல் நின்று பாடுவது போலக் கேட்கும். ஆனால் கிராஸ்ஓவர் (மேல், கீழ் சுருதிகளைப் பிரித்து அனுப்பும்) பெட்டிகளைப் பொருத்தவும் வயர் இழுக்கவும் உழைப்பு கூடும், கூலியும் கூடும். உங்கள் தொகையில் நல்ல கோஆக்சியல் வாங்கி, மீதியைக் கதவுக்குச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. மலிவான காம்பொனன்டின் கூர்மையான உலோக ட்வீட்டரை விட நல்ல கோஆக்சியலின் பட்டுத்துணி ட்வீட்டர் நாகசுரத்துக்கு இதமாக இருக்கும். நாகசுரம் ஏற்கெனவே மேல் சுருதி நிறைந்த வாத்தியம்.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறரை அங்குலம் என்று எழுதியிருந்தாலும் காந்தத்தின் ஆழம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்ணாடியை முழுவதும் இறக்கி வைத்துவிட்டு, உள்தகட்டிலிருந்து கண்ணாடி வரை ஸ்கேலால் அளந்து, வளையத்தின் தடிமனைக் கூட்டி, அதற்குள் அடங்குவதையே வாங்குங்கள். முன்பக்கம் ட்வீட்டர் துருத்திக்கொண்டு டோர் பேடின் கிரில்லில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். கூம்பைச் சுற்றியிருக்கும் விளிம்பு ரப்பராக இருக்கட்டும், ஃபோம் நம் வெயிலில் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். ஜே.சி. ரோட்டில் தேர்வு அதிகம் என்பது உண்மைதான், ஆனால் பொருத்தும் வேலை ஊரில் நடந்தால் குறை இருக்கும்போது திரும்பப் போய் நிற்க எளிது. பொருளை எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். ஜேபிஎல், பயனியர், சோனி பெயர்களில் போலிகள் உலவுகின்றன.

ராயக்கோட்டை ரோடு

இதைப் படிக்கும் புதிய வண்டிக்காரர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில வண்டிகளில் மோதலை உணரும் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். வெளித்தகடு நசுங்கும்போது கதவுக்குள் காற்றழுத்தம் சட்டென்று உயர்வதை அது அளக்கிறது. அப்படிப்பட்ட கதவில் புதிதாக ஓட்டை போடுவதும், இருக்கும் மூடியைத் திறந்து விடுவதும், நாமாக ஏதேனும் அடைப்பதும் அந்தக் கணக்கைக் கெடுக்கக்கூடும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத்தான் கதவைத் தொட வேண்டும். இருந்தால் ஸ்பீக்கரை அதே இடத்தில், அதே அடைப்போடு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் கதவுக்குள் எந்தக் கப்ளரையும் கழற்றும் முன் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள்.

மாந்தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம்)

என் வண்டியில் பக்கவாட்டு ஏர்பேக் இல்லை. 91 டெசிபல் கோஆக்சியல் ஒரு ஜோடி, பிளாஸ்டிக் வளையம், இரு முன்கதவுக்கும் போதுமான டாம்பிங் ஷீட், அடாப்டர் வயர் எல்லாம் சேர்த்து என் தொகைக்குள் அடங்குகிறது. பின்கதவு ஸ்பீக்கர்களை அப்படியே விட்டுவிடலாமா? பொருத்தி முடித்த பின் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

அரூர் செவியன்

பின்கதவைத் தொட வேண்டாம். ஃபேடரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள், பின்னால் உட்காருகிறவர்களுக்கு அது போதும்.

டோர் பேடை மூடும் முன் போலாரிட்டியை (பிளஸ், மைனஸ் மாறாமல் இருக்கிறதா என்று) சோதியுங்கள். ஸ்பீக்கரில் கப்ளரை மாட்டுவதற்கு முன், ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ் முனையிலும் மைனஸை மைனஸ் முனையிலும் நொடிப்பொழுது தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். இரண்டு கதவுகளிலும் அடாப்டர் வயரின் நிறம் ஒரே முறையில் பிளஸ்ஸுக்குப் போயிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் வலக் கூம்பு முன்னே வரும்போது இடக் கூம்பு பின்னே போகும். பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் ஒலி சிதறி, பேஸ் காணாமல் போகும். ஸ்பீக்கர் சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் இப்படி மாற்றி மாட்டியவையும் இருக்கும்.

ராயக்கோட்டை ரோடு

செட்டின் மெனுவில் ஹைபாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழான அசைவை எடுத்துவிட்டால் கூம்பு திணறாது, நெடுஞ்சாலை வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஒலியளவு கூட்ட இடம் கிடைக்கும். ஃபில்டர் இல்லையென்றால் பேஸைப் பூஜ்யத்துக்கு மேல் ஏற்றாமல் விடுங்கள். பழைய ஸ்பீக்கருக்காக ஏற்றி வைத்திருந்த ட்ரெபிளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். இல்லையென்றால் முதல் பாட்டிலேயே காது வலிக்கும். டயர் சத்தம் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அதில் பெரும்பகுதி தரையிலிருந்தும் சக்கர வளைவிலிருந்தும் வருவது, கதவில் ஒட்டுகிற ஷீட்டுக்கு அது கட்டுப்படாது.

ஒரு மாதம் ஓடிய பிறகு டோர் பேடை ஒருமுறை கழற்றி, வளையத்தின் திருகுகளைப் பார்த்து இறுக்கிவிடுங்கள். அப்போது கதவின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்றும் பார்த்து, வடிகால் துளையில் மண் அடைத்திருந்தால் மெல்லிய குச்சியால் குத்திவிடுங்கள்.

மாந்தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம்)

ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் இடம் சொல்லியிருக்கிறேன். பாலிதீன் தாளை உரிக்கும்போது அம்மா சொன்னபடி கூடவே நிற்பேன். பொருத்தியதும் ஓசூர் வரை ஓட்டிக் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.